கிளினிக்கல் அசோசியேட் படிப்பு: நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள். பிரிட்டோரியாவில் படித்துவிட்டு இப்போது ஒரு மாவட்ட மருத்துவமனையில் கிளினிக்கல் அசோசியேட்டாக வேலை பார்க்கிறேன். எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. ஆடி மாதக் கூழ் பூஜையானாலும் கல்யாண வீடானாலும், மேட்ரிக் என்னும் பள்ளியிறுதித் தேர்வு எழுதப்போகும் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு யாராவது ஓர் அம்மா இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்பார். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தமிழில் தொகுத்திருக்கிறேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம்.

ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் என்கிறார்கள், கிளினிக்கல் அசோசியேட் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒரே குடும்பம். அமெரிக்காவில் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் என்று அழைக்கப்படுபவரின் வேலையைத் தென்னாப்பிரிக்காவில் செய்பவர் கிளினிக்கல் அசோசியேட். டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியை விசாரித்து, உடம்பைப் பரிசோதித்து, இன்ன நோய் என்று கணித்து, சிகிச்சை தொடங்குபவர். கென்யாவிலும் மலாவியிலும் கிளினிக்கல் ஆஃபீசர்கள் பல பத்தாண்டுகளாக இதே வேலையைச் செய்துவருகிறார்கள்.

ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் தொழில் பிறந்தது 1965-ல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில். டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நான்கு பேரை எடுத்துப் பயிற்சி கொடுத்தார். 1967-ல் அவர்களில் மூன்று பேர் முதல் பட்டதாரிகளாக வெளியே வந்தார்கள். இந்தியாவில் இதைத் தொடங்கிவைத்தது நம் சென்னைதான் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை நிபுணர் டாக்டர் கே. எம். செரியன் 1992-ல் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் பயிற்சியைத் தொடங்கினார்.

இங்கே இப்படி ஒரு படிப்பு எதற்காக வந்தது?

டாக்டர்கள் நகரங்களில் குவிந்திருக்கிறார்கள். நோயாளிகள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஈஸ்டர்ன் கேப் மலைக்கிராமம் ஒன்றில் இருக்கும் மாவட்ட மருத்துவமனைக்கு டாக்டர் வருவதே அபூர்வம், வந்தவர் தங்குவது அதைவிட அபூர்வம். ஒரு டாக்டரை உருவாக்க 6 ஆண்டுப் படிப்பு, 2 ஆண்டு இன்டர்ன்ஷிப், 1 ஆண்டு சமூக சேவை, ஆக 9 ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அந்த ஊர் காத்திருக்க முடியாது. மாவட்ட மருத்துவமனையில் அன்றாடம் வரும் நோய்களைக் கையாள, அந்த மருத்துவமனையிலேயே பழக்கி எடுத்த ஆட்கள் வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. 2008-ல் ம்தாத்தாவில் உள்ள வால்டர் சிசுலு பல்கலைக்கழகம் முதல் அணியைச் சேர்த்தது. 2009-ல் பிரிட்டோரியா பல்கலைக்கழகமும் ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகமும் தொடங்கின.

டர்பனிலேயே படிக்க முடியாதா?

இந்த மூன்று வருடப் பட்டத்தைத் தொடங்கி நடத்திவருபவை மேலே சொன்ன மூன்று பல்கலைக்கழகங்கள். மூன்றும் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்துக்கு வெளியே இருக்கின்றன. ஆகவே சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பிள்ளைகள் ஊரை விட்டுப் போய்த்தான் ஆக வேண்டும். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்து லெனேசியா, லாடியம் குடும்பங்களுக்கு அந்தக் கவலை பாதி குறைவு. முதல் வருட வகுப்புகளுக்காவது வீட்டிலிருந்தே போய்வர முடியும்.

மேட்ரிக்கில் என்னென்ன பாடம் வேண்டும்?

ஆங்கிலமும் கணக்கும் கட்டாயம். கணக்கு என்றால் மேத்தமேட்டிக்ஸ்தான். மேத்தமேட்டிக்கல் லிட்டரசி எடுத்த பிள்ளை இந்தப் படிப்பை நம்பியிருக்கக் கூடாது. கூடவே லைஃப் சயின்ஸ், ஃபிசிக்கல் சயின்ஸ் இரண்டையும் எடுத்திருந்தால் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கதவு திறந்திருக்கும். மதிப்பெண் எல்லை ஒவ்வோர் இடத்திலும் வேறு, வருடத்துக்கு வருடமும் மாறும். பல்கலைக்கழகத்தின் அந்த ஆண்டுக் கையேட்டை மட்டும் நம்புங்கள். போன வருடம் சேர்ந்த அக்கா சொன்னதை நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

செலவை எப்படிச் சமாளிப்பது?

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்னும் அரசு மாணவர் நிதித் திட்டத்தின் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். தகுதி இருந்தால் கல்விக் கட்டணத்தோடு தங்குமிடத்துக்கும் புத்தகத்துக்கும் உதவி கிடைக்கும். திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆனால் ஒரு விஷயத்தைச் சேர்வதற்கு முன்பே மனத்தில் வையுங்கள்: அந்த உதவி முதல் பட்டத்துக்குத்தான். இதை முடித்துவிட்டு மறுபடி மருத்துவம் படிக்கப் போனால் அதே கதவைத் தட்ட முடியாது.

மாகாண சுகாதாரத் துறைகளும் சில ஆண்டுகளில் உதவித்தொகை அறிவிக்கும். அதில் கையெழுத்துப் போட்டால், எத்தனை வருடம் அவர்கள் பணத்தில் படித்தோமோ அத்தனை வருடம் அவர்கள் சொல்லும் ஊரில் வேலை செய்ய வேண்டும் என்பதே பொதுவான நிபந்தனை. இதைச் சுமையாகப் பார்க்கும் பெற்றோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. படிப்பு முடிந்த கையோடு வேலை இருக்கிறது என்பது இன்றைய நிலையில் பெரிய நிம்மதி. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்று வருடமும் எப்படிப் போகும்?

முதல் வருடம் உடற்கூறு, உடலியங்கியல், நோயாளியிடம் பேசும் முறை, பரிசோதிக்கும் முறை. வகுப்பு அதிகம், ஆனால் மருத்துவமனை வாசனை முதல் வருடத்திலேயே பழகிவிடும். இரண்டாம் வருடத்திலிருந்து பாடம் புத்தகத்தை விட்டு வார்டுக்குப் போய்விடும். பிரிட்டோரியாவில் படிப்பவர் ம்புமலங்கா மாகாணத்தில் இருக்கும் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பப்படலாம். அங்கே குழந்தைகள் வார்டு, பிரசவ வார்டு, கேஷுவல்டி என்னும் அவசரப் பிரிவு, அறுவை சிகிச்சை தியேட்டர், ஓபிடி என்னும் வெளிநோயாளர் பிரிவு என்று மாறி மாறி வேலை. மூன்றாம் வருடம் ஏறக்குறைய வேலை பார்ப்பது போலவேதான், சம்பளம் மட்டும் இருக்காது.

டாக்டருக்குப் படிப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் பெரிய நகர மருத்துவமனையில் அரிய நோய்களைப் பார்த்துப் படிப்பார்கள். நம் பிள்ளைகள் அடிக்கடி வரும் நோய்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்: காசநோய், எச்ஐவி, சர்க்கரை, ரத்த அழுத்தம், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, நிமோனியா, எலும்பு முறிவு, கத்திக்குத்து, கர்ப்பிணிக்கு ஏறும் பிரஷர். ஒரே மாதிரி நோயாளியை ஐம்பது பேர் பார்த்தபின் ஐம்பத்தோராமவரிடம் ஏதோ சரியில்லை என்று உள்ளுக்குள் ஒரு மணி அடிக்கும். அந்த மணியைப் பிள்ளையின் தலைக்குள் கட்டிவிடுவதுதான் இந்த மூன்று வருடத்தின் வேலை.

தேர்வுகளில் எல்லாரும் நடுங்குவது எழுத்துத் தேர்வுக்கு அல்ல. வரிசையாகப் பல மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளியோ ஒரு செய்முறையோ காத்திருக்கும். மணி அடித்ததும் அடுத்த மேசைக்குப் போய்விட வேண்டும். கை கழுவ மறந்தால் மதிப்பெண் போய்விடும். நோயாளியிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளாமல் விட்டாலும் போய்விடும். சரியான முறைதான் என்பது என் எண்ணம். காய்ச்சலைக் கண்டுபிடித்தவர் நோயாளியின் பெயரைக் கேட்காமல் விட்டால் என்ன மருத்துவம் அது?

ஒரு நாள் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா?

கேஷுவல்டியில் இருக்கும் மூன்றாம் வருட மாணவியை வைத்துச் சொல்கிறேன். காலை 7 மணிக்கு இரவுப் பணி முடித்தவர்கள் ஒவ்வொரு படுக்கையாக நின்று நோயாளியை ஒப்படைப்பார்கள். அதைக் காதில் வாங்கும்போதே தன் குட்டி நோட்டில் குறித்துக்கொள்வாள். அந்த நோட்டு ஜிப் வைத்த பையிலோ சட்டைப் பையிலோ எப்போதும் கூடவே இருக்கும்.

வாசலில் சிஸ்டர் ஒவ்வொருவருக்கும் நிறம் கொடுப்பார். யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் இந்த நாட்டின் ட்ரையாஜ் முறைப்படி சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு 10 நிமிடத்துக்குள், மஞ்சள் 1 மணி நேரத்துக்குள், பச்சை 4 மணி நேரத்துக்குள் பார்க்கப்பட வேண்டும். பச்சைப் பட்டியலில் இருப்பவர் ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று கோபப்படுவார். அவருக்குப் பதில் சொல்வதும் மாணவியின் வேலைதான்.

இப்போது ஒரு குழந்தை வருகிறது. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. அம்மா முதுகில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மாணவி முதலில் முகத்தைப் பார்க்கிறாள்: கண் குழி விழுந்திருக்கிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா. பிறகு வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விடுகிறாள். தோல் உடனே சமமாகிவிட்டால் நல்லது. மடிப்பு 2 விநாடிக்கு மேல் நின்றால் உடம்பில் நீர் மிகவும் குறைந்திருக்கிறது. நாடி, கை கால் சூடு, குழந்தை மயங்கித் துவள்கிறதா என்பது, அம்மா கையில் இருக்கும் தடுப்பூசிப் புத்தகம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டாக்டரிடம் போய் நோயாளியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறாள். வயது, எடை, எத்தனை நாள், என்ன கண்டேன், என்ன நினைக்கிறேன், என்ன செய்யலாம் என்கிறேன். கடைசி இரண்டையும் சொல்லாத மாணவரை நல்ல டாக்டர் விடமாட்டார். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

டிரிப் போடும் அளவுக்கு இல்லையென்றால் வாய்வழி நீர். அம்மாவுக்கு வீட்டில் கலக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீர், தலைதட்டிய 8 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சொன்னால் போதாது, அம்மா அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். உப்பையும் சர்க்கரையையும் மாற்றிச் சொல்லிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

மதியச் சாப்பாடு எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள்.

மாலையில் விடுதிக்கு வந்து, அன்று பார்த்த நோயாளிகளில் யாருடைய நோய் புரியவில்லையோ அதைப் படிப்பாள். அப்படிப் படித்தது மறக்காது. அதற்கு ஒரு முகம் இருக்கிறது.

எங்கள் பிள்ளைக்கு சூலுவே சரியாக வராது. சோத்தோ, கோசா பேசும் ஊரில் எப்படிச் சமாளிக்கும்?

கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. சிஸ்டரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லலாம். ஆனால் சிஸ்டருக்கும் ஆயிரம் வேலை. பக்கத்துப் படுக்கைக்காரரைக் கூப்பிட்டால் நோயாளியின் அந்தரங்கம் போயிற்று. கணவனுக்குத் தெரியாமல் ஒரு பெண் தன் எச்ஐவி மருந்தைப் பற்றிச் சொல்ல வந்தால் அதை மூன்றாவது ஆள் வாயால் எப்படிக் கேட்பது?

நம் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் உண்டு. வயதான பெண்மணியைக் கோகோ என்றும் நடுவயதுக்காரரைப் பாபா என்றும் அழைத்துத்தான் இங்கே பேச்சைத் தொடங்க வேண்டும். முன்பின் தெரியாதவரையும் பாட்டி, மாமா, அக்கா என்று கூப்பிட்டே வளர்ந்த பிள்ளைக்கு அது இயல்பாக வரும். 'சவுபோனா கோகோ' என்று குனிந்து இரண்டு கையாலும் கை கொடுத்துவிட்டால் பாதி விஷயம் முடிந்தது. இலக்கணம் தப்பினால் கோகோவே சிரித்துக்கொண்டு திருத்திவிடுவார்.

டாக்டர் சீட் கிடைக்காதவர்கள் படிக்கும் படிப்பா இது?

அப்படிச் சேருபவர்கள் இருக்கிறார்கள். அதை மறைத்துப் பயனில்லை. மருத்துவத்துக்கு விண்ணப்பித்து, கிடைக்காமல், இரண்டாவது விருப்பமாகப் போட்ட இதில் இடம் கிடைத்து வந்தவர்கள் ஒவ்வோர் அணியிலும் உண்டு. அவர்களில் சிலர் மூன்று வருடமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே படிக்கிறார்கள். சிலர் இரண்டாம் வருட வார்டில் இந்த வேலை மேல் ஆசை வைத்துவிடுகிறார்கள்.

என்னை வருத்துவது வேறு. நம் வீடுகளில் "டாக்டரா, இல்லையா?" என்ற கேள்விக்கு நடுவே இன்னொரு பதிலுக்கு இடமே இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் நாம். பள்ளிக்கூடத்தைக் கட்டியதே நம் முன்னோர்கள் தம் கைக்காசைப் போட்டுத்தான். படிப்பு ஒன்றே வழி என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் உச்சியில் வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் நிற்கிறார். அது எனக்குப் புரிகிறது, அந்த ஆசைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா இரண்டாம் வருட மாணவியைப் பார்த்து, "பரவாயில்லை கண்ணு, அடுத்த வருஷம் மறுபடி டாக்டருக்குப் போடு" என்று சொல்லும்போது, அந்தப் பெண் முந்தின இரவு தியேட்டரில் சிசேரியனுக்கு உதவிக்கு நின்றவள், பிறந்த குழந்தையைக் கையில் வாங்கியவள் என்பது பெரியம்மாவுக்குத் தெரியாது. அவளும் சொல்லமாட்டாள். பெரியம்மாவிடம் எதிர்த்துப் பேசும் பழக்கம் நம்மில் இல்லையே.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பிள்ளை இதைப் படிக்கிறது என்றால் அதன் பெயரை முழுதாகச் சொல்லுங்கள். "டாக்டர் மாதிரி" என்று சொல்லாதீர்கள். "கிளினிக்கல் அசோசியேட் படிக்கிறாள்" என்று சொல்லி, அடுத்தவர் என்ன அது என்று கேட்டால் விளக்குங்கள்.

அப்படியானால் நர்ஸுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

பயிற்சியின் போக்கு வேறு. நர்ஸிங் என்பது நோயாளியை இரவும் பகலும் பராமரிக்கும் கலை, அதற்குத் தனிக் கவுன்சில் உண்டு. கிளினிக்கல் அசோசியேட்டுக்கு டாக்டரைப் போலவே நோயைக் கணிக்கவும் சிகிச்சை வகுக்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள், பதிவு எச்.பி.சி.எஸ்.ஏ. என்னும் சுகாதாரத் தொழிலாளர் கவுன்சிலில், மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் இருக்கும் அதே வாரியத்தின் கீழ். எது மேல், எது கீழ் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. எனக்கு டிரிப் போடக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சிஸ்டர்.

என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

நோயாளியைப் பார்க்கலாம், பரிசோதனைகள் எழுதலாம், முடிவுகளைப் படிக்கலாம். காயம் தைக்கலாம், சீழ்க்கட்டி கீறலாம், மாவுக்கட்டு போடலாம், முதுகுத்தண்டில் நீர் எடுக்கலாம், அறுவை சிகிச்சையில் உதவலாம், நின்றுபோன இதயத்தை இயக்க முயலலாம். ஆண்களுக்கான விருத்தசேதனத் திட்டத்தில் இவர்கள் செய்த வேலை பெரிது. அந்தச் சிறு அறுவை ஆணுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பை ஏறத்தாழ 60 சதவீதம் குறைக்கிறது என்பதை முதலில் காட்டிய ஆய்வுகளில் ஒன்று ஜோகன்னஸ்பர்க் அருகே ஆரஞ்ச் ஃபார்மில் நடந்தது.

கூடாதவை: தனியாக போர்டு மாட்டிக்கொண்டு கிளினிக் நடத்தக் கூடாது. டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் தொழில் செய்யக் கூடாது. மருந்துச் சீட்டுக்கு மேற்பார்வை டாக்டரின் கையெழுத்து வேண்டும். இந்தத் தொழிலின் எல்லை 2016-ல் அரசிதழில் விதிமுறையாக வெளிவந்தது. அதைச் சேர்வதற்கு முன்பே ஒருமுறை படித்துவிடுவது நல்லது. "என் சொந்த கிளினிக்" என்பதுதான் பிள்ளையின் கனவு என்றால் இந்தப் பாதை அங்கே போகாது.

எச்ஐவி, காசநோய், ஊசி குத்துவது... நினைத்தாலே பயமாக இருக்கிறதே?

பயம் நியாயமானது. இந்த நாட்டில் 75 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எச்ஐவியுடன் வாழ்கிறார்கள். ஆனால் சிகிச்சை எடுக்காதவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு 1000-ல் 3 அளவுதான். குத்தியதும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே மேலதிகாரியிடம் சொல்லி, 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே, தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மாணவர்கள் பயந்து மறைப்பதுதான் பெரிய ஆபத்து. வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்கும் நிலை வரக் கூடாது, அதனால்தான் பெற்றோருக்கும் இதைச் சொல்கிறேன்.

காசநோய்க்கு என்-95 மாஸ்க்கும் திறந்த ஜன்னலும். குளிர்காலத்திலும் வார்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள் என்று பிள்ளை புலம்பினால், அந்த மருத்துவமனை நல்ல மருத்துவமனை.

பெண்பிள்ளையைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்புவதா? சாப்பாடு, சாமி எல்லாம்?

டர்பனிலிருந்து என்-3 சாலையில் ஜோகன்னஸ்பர்க் ஐந்தாறு மணி நேரம். முதல் மாதம் அழுகை வரும், இரு பக்கமும். பிறகு பழகிவிடும். பிரிட்டோரியாவில் மராபாஸ்டாடில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, ஜோகன்னஸ்பர்க்கில் மெல்ரோஸ் முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி பார்க்க டர்பன் வரை வர முடியாத பிள்ளை மெல்ரோஸுக்குப் போகலாம்.

நான் கவலைப்படச் சொல்வது வேறு ஓரிடத்தில்: சிறு ஊரில் பயிற்சி நடக்கும்போது தங்குமிடமும் போக்குவரத்தும். விடுதி மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா, இரவுப் பணி முடிந்து எப்படித் திரும்புவாள் என்று பல்கலைக்கழகத்திடம் நேராகக் கேளுங்கள். கேட்பதற்குப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

சாப்பாட்டுக்கு: அரிசியும் மசாலாவும் கொடுத்து அனுப்புங்கள். அம்மாவின் கறி மசாலா ஒரு டப்பா இருந்தால் விடுதியில் சுகர் பீன்ஸ் கறி வைத்துக் கூடப் படிப்பவர்களுக்கும் கொடுப்பாள். புதிய ஊரில் நட்புக்கு அது நல்ல தொடக்கம்.

படித்து முடித்தால் வேலை நிச்சயமா?

நிச்சயம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தேவை இருக்கிறது, ஆள் இருக்கிறது. நடுவில் சம்பளத்துக்கான பணியிடத்தை மாகாணங்கள் போதுமான அளவு உருவாக்கவில்லை. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் நல்ல பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு மருத்துவமனையில் நோயாளிகள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்கிறார்கள், அதே ஊரில் நோயாளியைப் பார்க்கப் பயிற்சி பெற்ற பெண் வீட்டில் இருக்கிறாள் என்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? அரசு தானே தொடங்கிய தொழிலுக்குத் தானே இடம் ஒதுக்க வேண்டும். இதை எங்கள் தொழில்முறை அமைப்பான பகாசா தொடர்ந்து கேட்டுவருகிறது; மாணவர்களும் அதில் சேர வேண்டும் என்பேன்.

இதற்கிடையில் செய்யக்கூடியவை சில. எச்ஐவி, காசநோய்த் திட்டங்களை நடத்தும் தொண்டு அமைப்புகள் கிளினிக்கல் அசோசியேட்டுகளை எடுக்கின்றன. பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சித் திட்டங்களில் இடம் உண்டு. எந்த மாகாணத்துக்கும் எந்தச் சிற்றூருக்கும் போகத் தயார் என்பவருக்கு வாய்ப்பு கூடுதல். "டர்பனுக்குள் மட்டும்" என்று பிடிவாதம் பிடித்தால் காத்திருப்பு நீளும். மாகாண உதவித்தொகையைப் பற்றி மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

இதை வைத்து அமெரிக்கா, பிரிட்டன் போகலாமா? சென்னையில் படித்துவிட்டு இங்கே வரலாமா?

அமெரிக்காவில் வேலை செய்ய அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்து, அவர்களின் தேசியத் தேர்வை எழுத வேண்டும். இங்குள்ள பட்டத்தோடு நேராக அந்தத் தேர்வுக்கு உட்கார முடியாது. பிரிட்டனில் இந்தத் தொழில் 2024 டிசம்பரிலிருந்துதான் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அங்கேயும் இதன் எல்லை பற்றிக் காரசாரமான விவாதம் நடக்கிறது. சென்னைப் பட்டம் சென்னையில் நல்ல வேலை தரும். இங்கே எச்.பி.சி.எஸ்.ஏ. பதிவு இல்லாமல் யாரும் நோயாளியைத் தொட முடியாது. வெளிநாடு போவதற்காகவே இதைப் படிப்பதாக இருந்தால் வேண்டாம்.

பிறகு டாக்டராக முடியுமா? மேலே என்ன படிக்கலாம்?

முடியும், ஆனால் குறுக்குவழி கிடையாது. விட்ஸில் பட்டதாரிகளுக்கென்று 4 ஆண்டு மருத்துவப் படிப்பு இருக்கிறது. அதற்கு முன்தகுதிப் பாடங்களும் கடும் போட்டியும் உண்டு. அவசர மருத்துவத்தில் ஆனர்ஸ் படிக்கலாம், பொதுச் சுகாதாரத்தில் முதுகலை போகலாம், கற்பிக்கும் வேலைக்கு வரலாம்.

மாணவர்களிடம் என்ன ஆசை என்று கேட்டால் வரும் பதில்கள் பலவிதம். ஒரு மாணவனுக்குக் கேஷுவல்டி தவிர வேறெதுவும் வேண்டாம். ஒருத்தி தன் பாட்டியின் ஊர் மருத்துவமனைக்கே திரும்பிப் போய் அங்கே குழந்தைகள் வார்டை நடத்த வேண்டும் என்கிறாள். மூன்றாமவன் கூச்சத்தோடு, தன் மேல் டாக்டர் நம்பிக்கை வைத்து "நீ பார்த்துவிட்டாயா? அப்படியானால் சரி" என்று சொல்லும் நாள் வர வேண்டும் என்றான். அந்த ஆசை மூன்றிலும் எனக்குப் பிடித்தது.

நம் சமூகத்துக்கு இதனால் என்ன பயன்?

சர்க்கரை நோய் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். இந்த நாட்டில் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பது எந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாலும் தெரியும். கதவோரத்தில் இன்சுலின் இருக்கும். வெறும் வயிற்றில் லிட்டருக்கு 7.0 மில்லிமோலோ அதற்கு மேலோ காட்டினால் சர்க்கரை நோய் என்ற எண் பலருக்கு மனப்பாடம். ஆனால் பாதத்தைக் காட்டுவதில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும் நம் பெரியவர்கள் ஓபிடியில் ஷூவைக் கழற்றத் தயங்குகிறார்கள். கழற்றினால் மாணவி மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, "தெரிகிறதா ஐயா?" என்று கேட்பாள். பத்து இடத்தில் தொட்டு ஆறு இடத்தில் தெரியவில்லை என்றால், அந்தக் காலில் ஆணி ஏறினாலும் அவருக்குத் தெரியாது.

தீமிதிக்கு நேர்ந்துகொண்டவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உணர்ச்சி மரத்த கால் கனலில் வெந்தாலும் வலிக்காது. வலிக்காததை அம்மன் அருள் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். புண் பிறகு வரும், சில நேரம் விரலையோ காலையோ எடுக்கும்படி ஆகிவிடும். பக்தியில் கை வைக்காமல், அம்மனையும் கூட வைத்துக்கொண்டு, "அண்ணா, இந்த வருஷம் கோயிலைச் சுற்றி வந்து நேர்த்தியை முடியுங்கள்" என்று ஒரு தமிழ்ப் பிள்ளை சொன்னால் கேட்கிறார்கள். வெளியார் சொன்னால் கேட்பதில்லை. எனக்கே இது பலமுறை நடந்திருக்கிறது.

மகன் இப்போது கிரேட் 11. இன்றைக்கு என்ன செய்யலாம்?

கிரேட் 11 ஆண்டிறுதி மதிப்பெண்ணை வைத்துத்தான் தற்காலிக இடம் கொடுப்பார்கள். ஆகவே இந்த வருடப் பரீட்சையை ஒத்திகை என்று நினைக்க வேண்டாம். விண்ணப்பக் கெடு மருத்துவத் துறைப் படிப்புகளுக்கு மற்றவற்றைவிட முன்னதாக, பெரும்பாலும் ஆண்டின் நடுவிலேயே முடிந்துவிடும். விட்ஸில் ஜூன் 30. மேட்ரிக் முடிவு வந்தபின் பார்க்கலாம் என்றிருந்தால் ஒரு வருடம் போய்விடும்.

விடுமுறையில் பக்கத்து மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். மருந்து வாங்க வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையானாலும் சரி. அந்த வரிசையில் ஒரு வாரம் நின்றவன் வீட்டுக்கு வந்து என்ன பேசுகிறான் என்று கேளுங்கள். மனிதர்களைப் பற்றிப் பேசினால் விண்ணப்பம் போடலாம். வாசனையைப் பற்றியும் கூட்டத்தைப் பற்றியும் மட்டுமே பேசினால் வற்புறுத்தாதீர்கள். அவனுக்கு வேறு நல்ல படிப்பு எங்காவது இருக்கும்.